கேம் விளையாடினால் பக்கவாதத்தில் செயலிழந்த கை சரியாகுமா? விஆர் பயிற்சி பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

கண்ணில் ஒரு பெரிய கண்ணாடி. எதிரே பறந்து வரும் பலூன்களை, தூக்கவே முடியாத கையால் ஒருவர் எட்டித் தட்டுகிறார். ஒவ்வொரு பலூன் வெடிக்கும்போதும் ஸ்கோர் ஏறுகிறது. "விஆர் கேம் மூலம் பக்கவாதத்துக்குச் சிகிச்சை" என்ற பெயரில் இப்படியான வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துபோன குடும்பத்துக்கு இது சாதாரண வீடியோ கிடையாது. "இதை வாங்கிக் கொடுத்தா அப்பா கை சரியாயிடுமா?" என்ற கேள்வி உடனே வரும். அடுத்த கேள்வி, "எவ்வளவு செலவாகும்?"

இரண்டாவது கேள்விக்கு விற்பனையாளர் பதில் சொல்லிவிடுவார். முதல் கேள்விக்குப் பதில் ஆய்வுகளில்தான் இருக்கிறது. அந்தப் பதில் விளம்பரம் சொல்கிற அளவுக்குப் பெரிதாக இல்லை. அதற்காக ஒன்றுமே இல்லை என்றும் ஒதுக்கிவிட முடியாது.

சுருக்கமாகச் சொன்னால்:

- விஆர் மற்றும் வீடியோ கேம் பயிற்சியால் கையின் செயல்பாட்டில் சிறிய முன்னேற்றம் கிடைக்கிறது.
- வழக்கமான பிசியோதெரபியோடு கூடுதலாகச் சேர்க்கும்போதுதான் பலன் தெளிவாகத் தெரிகிறது.
- அதே நேரம், அதே அளவு பயிற்சியைக் கேம் இல்லாமல் செய்தவர்களும் பல ஆய்வுகளில் ஏறத்தாழ அதே அளவு முன்னேறியிருக்கிறார்கள்.
- கண்காணிக்க ஒரு தெரபிஸ்ட் இல்லாமல் கருவியை மட்டும் வாங்கி வைப்பது பெரிதாக உதவாது.

முதலில், கை ஏன் செயலிழக்கிறது?

பக்கவாதத்தில் கோளாறு கையில் இல்லை, மூளையில் இருக்கிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டாலோ வெடித்தாலோ, அந்தப் பகுதியில் உள்ள செல்கள் இறக்கின்றன. இடது பக்க மூளை பாதிக்கப்பட்டால் வலது கை, காலிலும், வலது பக்கம் பாதிக்கப்பட்டால் இடது கை, காலிலும் பலவீனம் வரும்.

உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 1.2 கோடிப் பேருக்குப் புதிதாகப் பக்கவாதம் வருகிறது. 25 வயதைத் தாண்டியவர்களில் 4 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வரலாம் என்கிறது உலகப் பக்கவாத அமைப்பு.

பலர் சில வாரங்களிலேயே மெல்ல நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். கை மட்டும் பின்தங்கிவிடும். காரணம், கையின் வேலை நுணுக்கமானது. சட்டைப் பட்டன் போடுவது, சாதத்தைப் பிசைந்து வாயில் வைப்பது, பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது என ஒவ்வொன்றுக்கும் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒத்துழைக்க வேண்டும். இதைத்தான் மருத்துவர்கள் ஒருங்கிணைப்பு என்கிறார்கள். பூக்கட்டுகிறவரின் விரல்களை ஒரு நிமிடம் கவனித்தால் போதும், இரண்டு கைகளும் எவ்வளவு பேசிக்கொள்கின்றன என்பது புரியும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு கை சொன்னபடி கேட்காவிட்டால், நாம் இயல்பாகவே இன்னொரு கையால் எல்லாவற்றையும் செய்யத் தொடங்கிவிடுவோம். பயன்படுத்தாமல் விட விட, பலவீனமான கை இன்னும் பின்னுக்குப் போகும். அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் டாப் இதை 'கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை' என்றார். நல்ல கைக்கு உறை மாட்டி, பாதிக்கப்பட்ட கையாலேயே வேலை செய்ய வைக்கும் பயிற்சி இந்தக் கருத்திலிருந்து வந்ததுதான். 222 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2006-ல் வெளியான எக்சைட் ஆய்வு, அந்த முறைக்குப் பலன் இருப்பதைக் காட்டியது.

இறந்த மூளை செல் திரும்ப வராதே, பிறகு எப்படிக் கை தேறும்?

இறந்த செல் திரும்பாது. ஆனால் பக்கத்தில் இருக்கும் செல்கள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள முடியும். 1996-ல் குரங்குகளிடம் நடந்த ஆய்வில் ராண்டால்ஃப் நூடோவின் குழு இதைக் காட்டியது. பாதிப்புக்குப் பிறகு கைக்குப் பயிற்சி கொடுத்த குரங்குகளின் மூளையில், கைக்கான பகுதி சுருங்காமல் தப்பியது. சிலவற்றில் பக்கத்துப் பகுதிகளுக்கும் விரிந்தது.

ஆனா இதுக்கு ஒரு நிபந்தனை உண்டு. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். விலங்கு ஆய்வுகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை ஒரே அசைவைச் செய்ய வைக்கிறார்கள்.

மனிதர்களுக்குக் கிடைப்பது எவ்வளவு? அமெரிக்காவில் கேத்தரின் லாங் தலைமையிலான குழு 312 பயிற்சி அமர்வுகளை நேரில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது. 2009-ல் வெளியான முடிவு பலரையும் யோசிக்க வைத்தது. பொருளை எடுப்பது, எட்டுவது போன்ற பயனுள்ள கை அசைவுகள் ஒரு அமர்வுக்குச் சராசரியாக 32 தடவைதான் நடந்திருந்தன. மூளைக்குத் தேவை நூற்றுக்கணக்கில், கையில் கிடைப்பது 32.

இங்கேதான் கேம் உள்ளே வருகிறதா?

ஆமாம். ஒரே டம்ளரை 300 தடவை எடுத்து வைக்கச் சொன்னால் யாருக்கும் சலித்துப்போகும். 40-வது தடவையிலேயே "போதும்பா" என்பார்கள். அதே அசைவை, மரத்திலிருந்து பழம் பறிக்கும் விளையாட்டாக மாற்றினால் எண்ணிக்கை தெரியாமலேயே ஏறும்.

கேமுக்கு வேறு சில வசதிகளும் உண்டு. கை எவ்வளவு தூரம் போனது, எவ்வளவு வேகம், எங்கே தடுமாறியது என்பதை உடனுக்குடன் காட்டும். நோயாளியின் திறனுக்கு ஏற்ப எளிதாகவோ கடினமாகவோ மாற்றலாம். ரொம்பக் கஷ்டமாக இருந்தால் மனம் விட்டுப்போகும், ரொம்ப எளிதாக இருந்தால் மூளை கற்றுக்கொள்ளாது. அந்த நடு அளவைப் பிடிப்பதில் மென்பொருள் கெட்டிக்காரத்தனமாக உதவும்.

எல்லாமே ஒரே விஆர் தானா?

இல்லை. பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் விஆர் என்கிறோம். உண்மையில் இரண்டு வகை உண்டு.

*டிவி திரை வகை:* நோயாளி டிவி அல்லது கணினித் திரையைப் பார்த்தபடி விளையாடுவார். கையில் இருக்கும் ரிமோட்டோ எதிரே இருக்கும் கேமராவோ அசைவைப் படிக்கும். 2006-ல் வந்த நின்டெண்டோ வீ, 2010-ல் வந்த மைக்ரோசாஃப்ட் கினெக்ட் இரண்டும் இந்த வகை. வீடுகளுக்காக வந்த இந்தக் கருவிகளை மருத்துவமனைகள் சட்டென்று பிடித்துக்கொண்டன. மறுவாழ்வு என்ற ஆங்கிலச் சொல்லோடு வீ-யைச் சேர்த்து, 'வீஹாபிலிடேஷன்' என்று ஒரு பெயரே வந்துவிட்டது.

*ஹெட்செட் வகை:* தலையில் மாட்டும் கண்ணாடிக் கருவி. சுற்றிலும் வேறு உலகம் தெரியும். 2019-க்குப் பிறகு கம்பி இல்லாத ஹெட்செட்கள் சில பத்தாயிரம் ரூபாய் விலைக்கு வந்ததால், இந்த வகை இப்போது பரவி வருகிறது.

இவை தவிர, மருத்துவத்துக்கென்றே உருவாக்கப்பட்ட கருவிகளும் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் மைண்ட்மேஸ் நிறுவனத்தின் கருவிக்கு 2017-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதி கொடுத்தது.

இதில் தமிழகத்துக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கையை இழந்தவர்களுக்கு அந்த இல்லாத கையில் வரும் வலியைக் குறைக்க 1990-களில் ஒரு சாதாரணக் கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். இருக்கும் கையின் பிம்பம், இல்லாத கை அசைவது போல மூளைக்குத் தோன்றும். அதே உத்தி பிறகு பக்கவாத நோயாளிகளுக்கும் வந்தது. விஆர் கருவிகள் சில, கம்ப்யூட்டரில் செய்வதும் கிட்டத்தட்ட இந்தக் கண்ணாடி வேலையைத்தான்.

சரி, பலன் இருக்கா இல்லையா?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நான்கு ஆய்வுகளைப் பார்த்தால் படம் ஓரளவு தெளிவாகும்.

*1. வீ-யும் சீட்டுக்கட்டும்*

கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த குஸ்தாவோ சபோஸ்னிக் தலைமையில் நடந்தது எவரெஸ்ட் ஆய்வு. கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து என 4 நாடுகளில் 141 நோயாளிகள் கலந்துகொண்டார்கள். எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. கூடுதலாக ஒரு குழுவுக்கு வீ கேம். இன்னொரு குழுவுக்குச் சீட்டு, பிங்கோ, மரக்கட்டை அடுக்கும் விளையாட்டு, பந்து போன்ற சாதாரணப் பொழுதுபோக்குகள். இரண்டு வாரத்தில் தலா ஒரு மணி நேரமாக 10 அமர்வுகள்.

2016-ல் 'லான்செட் நியூராலஜி' இதழில் முடிவு வந்தது. இரண்டு குழுவும் நன்றாகத் தேறியிருந்தன. இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதாவது, சீட்டு விளையாடியவர்களும் வீ விளையாடியவர்களுக்குக் குறையாமல் முன்னேறியிருந்தார்கள்.

*2. வட ஐரோப்பாவின் விர்ச்சூஸ் ஆய்வு*

நார்வே, டென்மார்க், பெல்ஜியம் நாடுகளில் 120 பேரிடம் நடந்த ஆய்வு இது. 2017-ல் வெளியானது. இங்கே மருத்துவத்துக்கென்றே உருவாக்கிய விஆர் முறையை, அதே நேர அளவு வழக்கமான கைப் பயிற்சியோடு ஒப்பிட்டார்கள். இங்கேயும் இரண்டும் சமம்.

*3. டால்ஃபின் கேம்*

இது கொஞ்சம் வித்தியாசமானது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கிராகவர் உள்ளிட்ட நரம்பியல் ஆய்வாளர்களும் கேம் வடிவமைப்பாளர்களும் சேர்ந்து ஒரு டால்ஃபினை உருவாக்கினார்கள். நோயாளி கையை அசைத்தால் திரையில் டால்ஃபின் நீந்தும், சுறாக்களோடு மோதும். பொருளை எடு, வை என்று எந்தக் கட்டளையும் கிடையாது. எல்லாத் திசையிலும் கையை அசைத்துப் பார்க்கும் குழந்தையைப் போல, நோயாளியும் அசைவுகளைத் தேடிப் பழக வேண்டும் என்பது எண்ணம். கையின் பாரத்தைத் தாங்க ஒரு இயந்திரக் கையும் உண்டு.

24 நோயாளிகளிடம் சோதித்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு டால்ஃபின், இன்னொரு குழுவுக்கு அதே அளவு நேரம் தெரபிஸ்ட்டோடு கைப் பயிற்சி. இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால், முன்பு வழக்கமான குறைந்த நேரப் பயிற்சி மட்டும் பெற்ற நோயாளிகளின் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, கையைப் பயன்படுத்தும் திறனை அளக்கும் சோதனையில் இரண்டு குழுவுமே முன்னால் இருந்தன.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். கையைத் தேற்றுவதில் பெரும் பங்கு பயிற்சி நேரத்துக்கும் எண்ணிக்கைக்கும்தான். கேம் அந்த நேரத்தைக் கூட்ட உதவுகிற ஒரு வழி.

*4. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த காக்ரேன்*

மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, பக்கவாதத்துக்கான விஆர் பயிற்சி பற்றி அவ்வப்போது மதிப்பீடு வெளியிடுகிறது. 2017-ல் 72 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக விஆர் கொடுத்தால் கைச் செயல்பாட்டில் கூடுதல் பலன் இல்லை என்றது. கூடுதல் பயிற்சியாகச் சேர்த்தால் பலன் உண்டு என்றது.

2025-ல் அதைப் புதுப்பித்தார்கள். இம்முறை 190 ஆய்வுகள், 7,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். முடிவு சற்றே சாதகமாக மாறியிருக்கிறது. மற்றப் பயிற்சிகளோடு ஒப்பிடும்போது விஆர் கைச் செயல்பாட்டைச் சிறிதளவு கூட்டுகிறது. வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் இன்னும் கொஞ்சம் அதிகம். பக்கவிளைவுகள் குறைவு.

ஆனால் அதே மதிப்பீட்டில் இன்னொரு வரியும் இருக்கிறது. வாழ்க்கைத் தரத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. பெரும்பாலான கேம்கள் கையை அசைக்கப் பழக்குகின்றனவே தவிர, அன்றாட வேலைகளைப் பழக்குவதில்லை. ஆய்வுகளில் பலவும் சிறியவை என்ற குறையும் உண்டு.

ஸ்கோர் ஏறுது, ஆனா சட்டை போட முடியலையே?

குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கேமில் 500 பலூன் உடைப்பவரால் வீட்டில் டம்ளரைப் பிடிக்க முடியாமல் போகலாம். காற்றில் கையை வீசுவதும், கனமான, வழுக்குகிற, சூடான ஒரு பொருளைப் பிடிப்பதும் ஒன்றல்ல. விஆரில் எடுக்கும் ஆப்பிளுக்கு எடை கிடையாது, விரலில் தொடு உணர்வும் கிடையாது.

இன்னொரு சிக்கல், குறுக்கு வழி. முழங்கையை நீட்ட முடியாதவர், இடுப்பிலிருந்து உடம்பையே முன்னால் சாய்த்து இலக்கைத் தொட்டுவிடுவார். கேம் அதையும் வெற்றி என்றே கணக்கில் வைக்கும். வீ டென்னிஸில் கையை வீசாமல், மணிக்கட்டை மட்டும் வெடுக்கென்று ஆட்டிப் பந்தை அடிக்கலாம் என்பது விளையாடிய எல்லோருக்கும் தெரியும். நோயாளி இப்படித் தவறான அசைவை நூறு தடவை செய்தால், மூளை அந்தத் தவறையும் நன்றாகவே கற்றுக்கொள்ளும்.

பக்கத்தில் தெரபிஸ்ட் இருந்தால், "உடம்பைச் சாய்க்காதீங்க, கையை மட்டும் நீட்டுங்க" என்று தோளில் கை வைத்துத் திருத்துவார். விலை குறைந்த பல கருவிகளுக்கு இது தெரியாது.

ஒருங்கிணைப்புக் கோளாறு இருப்பவர்களுக்கு உதவுமா?

பக்கவாதம் மட்டுமல்ல, சிறுமூளை பாதிப்பாலும் கை தடுமாறும். பலம் இருக்கும், ஆனால் இலக்கு தவறும். கப்பை நோக்கிப் போகும் கை தாண்டிப் போய்விடும். இதை அட்டாக்சியா என்பார்கள். சிலருக்கு இது நாளாக நாளாக அதிகரிக்கும் நோய்.

ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் இப்படி அட்டாக்சியா உள்ள 10 குழந்தைகளுக்கு, கடையில் விற்கும் கினெக்ட் கேம்களைக் கொண்டே 8 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் பெரும்பகுதி வீட்டிலேயே நடந்தது. 2012-ல் 'நியூராலஜி' இதழில் வெளியான முடிவின்படி, அட்டாக்சியாவை அளக்கும் மதிப்பெண்ணில் சராசரியாக 2 புள்ளி முன்னேற்றம் கிடைத்தது. மெல்ல மோசமாகிக்கொண்டே போகும் நோயில் இந்த 2 புள்ளி பெரிய விஷயம். ஆனால் பங்கேற்றது 10 குழந்தைகள்தான் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வீட்டிலேயே வைத்துச் செய்யலாமா?

இந்தியாவுக்கு ரொம்ப முக்கியமான கேள்வி இது. மாவட்டத் தலைநகரில் இருக்கும் பிசியோதெரபி மையத்துக்கு வாரம் ஐந்து நாள் ஆட்டோ பிடித்துப் போய்வர எத்தனை குடும்பங்களால் முடியும்? கூடவே போகிறவரின் வேலையும் கெடும். சில வாரத்திலேயே பலர் நிறுத்திவிடுவதற்கு இதுவே காரணம்.

இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது இந்தியாவில் நடந்த அட்டெண்ட் ஆய்வு. 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகள். குடும்பத்தினருக்கே பயிற்சி கொடுத்து, வீட்டில் அவர்களையே மறுவாழ்வுப் பயிற்சி கொடுக்க வைத்தார்கள். 2017-ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. 6 மாதம் கழித்துப் பார்த்தபோது, பிறரைச் சார்ந்து வாழ்பவர்களின் விகிதத்தில் எந்த மாற்றமும் இல்லை. குடும்பத்தின் தலையில் மட்டும் பொறுப்பைப் போட்டால் போதாது என்பது அதன் பாடம்.

இரண்டாவது அமெரிக்காவில் ஸ்டீவன் கிராமர் தலைமையில் நடந்தது. 11 மையங்களில் 124 பேர். ஒரு குழு மையத்துக்கு வந்து பயிற்சி எடுத்தது. இன்னொரு குழுவின் வீட்டில் கணினி, கேம்கள், அவற்றை இயக்கும் கருவிகள் எல்லாம் வைக்கப்பட்டன. தலா 70 நிமிடமாக 36 அமர்வுகள். அதில் பாதி அமர்வுகளில் தெரபிஸ்ட் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார். 2019-ல் வந்த முடிவில், கை அசைவை அளக்கும் 66 மதிப்பெண் சோதனையில் மையத்துக்கு வந்தவர்கள் சராசரியாக 8.36 புள்ளியும், வீட்டிலிருந்தவர்கள் 7.86 புள்ளியும் முன்னேறினார்கள். வீட்டுப் பயிற்சி மையத்துக்குக் குறைந்ததில்லை என்று ஆய்வு முடிவு செய்தது.

இரண்டும் வெவ்வேறு முறை, வெவ்வேறு நாடு என்பதால் நேரடியாக ஒப்பிட முடியாது. இருந்தாலும் அமெரிக்க ஆய்வில் இருந்தவை என்ன என்று பாருங்கள்: நிறைய மணி நேரம், எழுதி வைத்த கால அட்டவணை, கண்காணிக்க ஒரு தெரபிஸ்ட், சலிக்காமல் இருக்க கேம். இந்த நான்கில் கடைகளில் விற்பனைக்குக் கிடைப்பது கடைசி ஒன்று மட்டும்தான்.

தமிழ்நாட்டில் என்ன நடக்கிறது?

வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து 'புளூட்டோ' என்ற கை மறுவாழ்வு ரோபோவை உருவாக்கியிருக்கின்றன. ஒரே மோட்டார், மாற்றி மாட்டக்கூடிய பிடிகள். ஒரு பிடி மணிக்கட்டை மடக்கி நீட்ட, இன்னொன்று முன்கையைத் திருப்ப, மற்றொன்று கையை விரித்து மூட. நோயாளி கையை அசைத்துத் திரையில் இருக்கும் கேமை விளையாட வேண்டும். முடியாத இடத்தில் மோட்டார் கை கொடுக்கும். வெளிநாட்டு ரோபோக்களின் விலையும் அளவும் இங்கே கட்டுப்படியாகாது என்பதால், சிறியதாகவும் எடுத்துச் செல்லக்கூடியதாகவும் இதை வடிவமைத்தார்கள்.

அரசுத் தரப்பில், 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. வீடு தேடி ஒரு தெரபிஸ்ட் வருகிற கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஒருவர் எல்லா வீட்டுக்கும் தினமும் வர முடியாது. அவர் வராத நாள்களில் பயிற்சி தொடர்வதற்கு இப்படியான கருவிகளையும் வீடியோ காலையும் சேர்க்க முடியுமா என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. ஆய்வுகள் காட்டும் வழியும் அதுதான்.

ஆபத்து ஏதாவது உண்டா?

பெரிய ஆபத்துகள் அரிது. ஆனாலும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

- தலைச்சுற்றல், குமட்டல்: ஹெட்செட் வகையில் சிலருக்கு வரும். குறைந்த நேரத்தில் தொடங்க வேண்டும்.
- விழும் அபாயம்: கண்ணை மறைத்துக்கொண்டு நின்று விளையாடுவது, சமநிலை குறைந்தவர்களுக்கு ஆகாது. கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார்ந்தே செய்ய வேண்டும்.
- தோள் வலி: பக்கவாதத்தில் தோள் மூட்டு தளர்ந்திருக்கும். வேகமான வீச்சு வலியைக் கூட்டலாம். பாதிப்பே இல்லாதவர்களுக்குக்கூட இது வரும். வீ டென்னிஸை அளவுக்கு மீறி விளையாடித் தோளில் தசைநாண் வீக்கம் வந்த ஒரு இளம் மருத்துவரின் அனுபவம், 2007-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழிலேயே கடிதமாக வந்தது.
- வலிப்பு: வலிப்பு வந்த வரலாறு இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.
- ஒரு பக்கத்தைக் கவனிக்காத நிலை: சிலருக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு இடது பக்கம் ஒன்று இருப்பதே மனதில் பதியாது. இவர்களுக்கு எந்த கேம், எப்படி என்பதைத் தெரபிஸ்ட்தான் முடிவு செய்ய வேண்டும்.

பணம் கட்டும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?

1. பயிற்சியைத் திட்டமிடுவது யார்? தகுதி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டோ ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டோ இருக்கிறார்களா, அல்லது கருவியை இயக்கத் தெரிந்த ஊழியர் மட்டுமா?

2. வழக்கமான சிகிச்சையோடு சேர்த்தா, அதற்குப் பதிலாகவா? "இது இருந்தா பிசியோ தேவையில்லை" என்று யாராவது சொன்னால் அங்கேயே யோசியுங்கள்.

3. ஒரு அமர்வில் எத்தனை அசைவுகள்? ஹெட்செட் மாட்டவே 15 நிமிடம், விளையாட 10 நிமிடம் என்றால் பயனில்லை.

4. இலக்கு என்ன? ஸ்கோரைக் காட்டக் கூடாது. "இரண்டு மாதத்தில் டம்ளரைத் தானே எடுத்துக் குடிப்பது" என்பது போல, வீட்டில் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய இலக்கு வேண்டும்.

5. என் அப்பாவுக்கு, அம்மாவுக்கு இது பொருந்துமா? கையில் கொஞ்சமாவது அசைவு இருப்பவர்களுக்கே பெரும்பாலான கேம்கள் ஒத்துவரும். துளியும் அசைவில்லாத கைக்கு வேறு முறைகள் தேவைப்படும்.

6. கருவிக்குப் பதிவு இருக்கிறதா? இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவச் சாதனங்களும், சிகிச்சைக்கான மென்பொருளும் மருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. சிகிச்சைக் கருவி என்று சொல்லி விற்பவரிடம் இதைக் கேட்கலாம்.

7. நாளைக்கும் இது இயங்குமா? கினெக்ட்டை நம்பி உலகம் முழுக்கப் பல மையங்கள் பயிற்சி முறைகளை உருவாக்கின. 2017-ல் மைக்ரோசாஃப்ட் அதன் உற்பத்தியையே நிறுத்திவிட்டது.

வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது?

எவரெஸ்ட் ஆய்வின் முடிவை ஏமாற்றமாகப் பார்ப்பவர்கள் உண்டு. வசதி இல்லாத குடும்பத்துக்கு அது நல்ல செய்தி. அந்த ஆய்வில் வீ-க்குச் சமமாக நின்றது சீட்டுக்கட்டும் பந்தும். அதே தர்க்கத்தில் பார்த்தால், நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பல்லாங்குழியும் கேரம் போர்டும் வெறும் பொழுதுபோக்குச் சாமான்கள் இல்லை. புளியங்கொட்டையை விரலால் பொறுக்கி ஒவ்வொரு குழியாகப் போடுவதில் பிடிப்பு, விடுப்பு, குறிபார்த்தல் மூன்றும் இருக்கின்றன. கேரம் அடிக்க விரலும் கண்ணும் ஒத்துழைக்க வேண்டும்.

பாதிக்கப்பட்ட கையால்தான் ஆட வேண்டும். எந்த அசைவு, எத்தனை தடவை, எந்த நிலையில் உட்கார்ந்து என்பதைத் தெரபிஸ்ட்டிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தினமும் எண்ணிக் குறியுங்கள். பேரன் பேத்தி எதிரே உட்கார்ந்து ஆடினால் எண்ணிக்கை தானாக ஏறும்.

6 மாதம் ஆயிடுச்சு, இனி முடியாதா?

முதல் சில மாதங்களில்தான் வேகமான முன்னேற்றம் இருக்கும் என்பது உண்மை. அதனால் அந்தக் காலத்தை வீணாக்கக் கூடாது. ஆனால் அதோடு கதவு மூடிவிடுவதில்லை. லண்டன் குவீன் ஸ்கொயர் மருத்துவமனையில் 3 வாரத்தில் 90 மணி நேரம் கைக்குத் தீவிரப் பயிற்சி தருகிறார்கள். அங்கே வந்த 224 பேரின் முடிவுகள் 2019-ல் வெளியாயின. பெரும்பாலோர் பக்கவாதம் வந்து பல மாதங்கள், ஆண்டுகள் கடந்தவர்கள். அவர்களிடமும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது, 6 மாதம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத ஆய்வு இது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆக, விஆர் கேம் வாங்குவதா வேண்டாமா என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இன்றைக்கு அந்தக் கை எத்தனை தடவை அசைந்தது? அந்த எண்ணைக் கூட்ட கேம் உதவினால் தாராளமாகப் பயன்படுத்தலாம். பல்லாங்குழி உதவினால் அதுவும் சரியே. 32 தடவையோடு நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

*(இது பொதுவான தகவலுக்கான கட்டுரை. எந்தப் பயிற்சியையும் தொடங்கும் முன் உங்கள் நரம்பியல் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ கலந்தாலோசிக்கவும். முகம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குளறுவது ஆகியவை திடீரெனத் தெரிந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழைக்கவும்.)*